பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம்: முகப்பு முழுக்கக் கண்ணாடியா, வேறு வழி உண்டா?

#1 மேற்குவாசல்

வணக்கம். 35 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். தரைத்தளம், அதன் மேல் ஒரு மாடி. 9 அங்குலச் செங்கல் சுவர், தட்டையான கான்கிரீட் கூரை. முகப்பு நேர் மேற்கு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வெயில் காயும் பகுதி, மழைக்காலத்தில் புழுக்கம். குளிர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

காலையில் வீடு நன்றாகவே இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் மாடி அறைகளில் இருக்க முடியவில்லை. இரவு பத்து மணிக்குக்கூடப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

வரைபடம் போட்டுத் தந்தவர் சொல்லும் யோசனை இது: முகப்புச் சுவரை இடித்துவிட்டு 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு ஒரே கண்ணாடி, நான்கு அறைக்கும் ஏசி, மின்கட்டணத்தைச் சமாளிக்க மொட்டைமாடியில் சோலார் பேனல். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

எனக்கு இரண்டு ஆசைகள். அக்கம்பக்கத்து வீடுகளின் நகலாக இது இருக்கக் கூடாது. மின்சாரத்தை விழுங்கும் வீடாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 நிழல்கோடு

அம்மா, நான் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அழகைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கண்ணாடிக்கு ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

மாலை மூன்றரை, நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் நேராக விழும் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் என்று வையுங்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் உள்ளே விட்டுவிடும். உங்கள் கண்ணாடி 12 சதுர மீட்டர். 12 × 600 × 0.8 என்றால் 5,760 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதாவது அந்த ஒரு கண்ணாடி உள்ளே கொண்டுவரும் வெயிலை வெளியே தள்ள மட்டுமே ஒன்றரை டன்னுக்கு மேல் வேண்டும். அறையில் ஆள் இல்லாவிட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும் வேண்டும்.

உள்பக்கம் திரை போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்ட பிறகு திரை அதைத் தான் வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். வெள்ளைத் திரையாக இருந்தால் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதே மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால் பெரும்பகுதி வெயில் வாசலோடு நின்றுவிடும். ஜன்னலுக்கான நிழல் எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

அடுத்து கூரை. நண்பகல் தாண்டியதும் மொட்டைமாடிக் கான்கிரீட்டின் மேல்பரப்பு 60 டிகிரி வரை போகும். கான்கிரீட் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும் பொருள். 15 செ.மீ. தளம் வழியாகச் சதுர மீட்டருக்கு 100 வாட்டுக்குக் குறையாமல் கீழே இறங்கும். 12 சதுர மீட்டர் படுக்கையறை என்றால், உங்கள் தலைக்கு மேலே ஒரு கிலோவாட் ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் கீழே படுக்கிறீர்கள்.

ஒரு வாரம் எதையும் இடிக்காமல் பொறுங்கள். மலிவான வெப்பமானிகள் நான்கு வாங்கி அறைக்கு ஒன்றாக வையுங்கள். விடியற்காலை, மாலை மூன்று, இரவு ஒன்பது, மூன்று வேளையும் குறித்து வாருங்கள். தூரத்திலிருந்து பரப்பின் சூட்டைக் காட்டும் துப்பாக்கி போன்ற கருவி கிடைத்தால் கூரையின் அடிப்பகுதியையும் ஒவ்வொரு சுவரையும் அளந்துவிடுங்கள். வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எதை அடைப்பது?

#3 கண்ணாடிவீடு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நாங்கள் பெரிய கண்ணாடி வைத்த வீட்டில்தான் எட்டு வருடமாக இருக்கிறோம். வெளிச்சம் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்கள் இருட்டு வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். மின்சாரம் மிச்சம் என்ற பெயரில் ஜன்னல்களைச் சுருக்கி, பகலிலும் விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது மிச்சமும் இல்லை, வாழ்வும் இல்லை.

இப்போது வெயில் தடுக்கும் கண்ணாடிகள் வந்திருக்கின்றன. வெயிலின் வெப்பத்தில் கால்பங்குதான் உள்ளே விடும். ஐயா சொன்ன 5,760 வாட் அதில் 1,800 ஆகிவிடுகிறது. அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் அல்லவா?

#4 நிழல்கோடு

நியாயமான கேள்வி. வெயில் தடுக்கும் கண்ணாடி நல்ல பொருள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,800 வாட் உள்ளே வந்தபிறகு அதையும் ஏசிதான் சுமக்க வேண்டும். தவிர, அந்தக் கண்ணாடியே வெயிலை வாங்கிச் சூடாகும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு கன்னம் மட்டும் காய்வதை உணர்வீர்கள். நம் உடல் உணரும் வெப்பத்தில் காற்றின் சூடு ஏறக்குறையப் பாதிதான். மீதிப் பாதி சுற்றியுள்ள பரப்புகளின் சூடு. காற்றை 25 டிகிரிக்குக் குளிரவைத்தும் புழுங்குகிறதே என்று சொல்பவர்கள் வீட்டில் கூரையை அளந்து பாருங்கள், 37, 38 இருக்கும்.

வெளிச்சம் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். வெளிச்சத்தையும் வெயிலையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். சூரியன் நேராக எட்டிப் பார்க்காத திசை ஒன்று எல்லா வீட்டுக்கும் உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே போகப்போக அது வடக்கு, தெற்கே போகப்போகத் தெற்கு. பெரிய கண்ணாடிக்கு உரிய இடம் அந்தப் பக்கம். நாள் முழுக்க ஒரே சீரான, கண் கூசாத வெளிச்சம் வரும். இன்னொன்று: பகல் வெளிச்சம் அறைக்குள் பயனுள்ள அளவில் போகும் தூரம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. அதனால் ஜன்னலை அகலமாக்குவதைவிட அதன் தலையைக் கூரையை ஒட்டி உயர்த்துவது அதிகப் பலன் தரும்.

#5 செங்கல்தூசி

மேற்குவாசல் அக்கா, நான் கட்டடக்கலைஞர். பெரும்பாலும் பழைய வீடுகளைத்தான் எடுத்துச் செய்கிறேன். உங்கள் இரண்டு ஆசைகளும் மோதுமா என்று கேட்டீர்கள். மோதவே மோதாது. ஒரு வீட்டுக்குத் தனி முகம் வருவதற்கு நான் அறிந்த மிக நேர்மையான வழி, அந்த வீடு தனக்கு வாய்த்த வெயிலுக்கும் காற்றுக்கும் என்ன பதில் சொல்கிறது என்பதுதான். கண்ணாடிப் பெட்டிக்கு எந்த ஊரிலும் ஒரே முகம்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் 1920களின் இறுதியில் மூன்று பேர் சேர்ந்து துளையுள்ள ஒரு சிமென்ட் கல்லை உருவாக்கினார்கள். கொய்ம்ப்ரா, போக்மன், கோய்ஸ் என்ற அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்குக் ‘கொபொகோ’ என்று பெயர். வெயிலை மறித்துக் காற்றை விடுவதற்காக வந்த கல். பின்னால் அந்த நாட்டு நவீனக் கட்டடக்கலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அழகுக்காக அதை யாரும் தேடிப் போகவில்லை. வேலை செய்ததால் அழகாயிற்று.

உங்கள் மேற்கு முகப்புக்கும் அதையே சொல்வேன். இருக்கும் சுவரை இடிக்க வேண்டாம். அதற்கு முன்னால் 75 செ.மீ. இடைவெளி விட்டு, துளைக்கல்லால் இரண்டாவது ஒரு திரைச்சுவர். நடுவில் உள்ள இடைவெளியில் செடி வைக்கலாம், நின்று ஜன்னல் துடைக்கலாம். சூடாகும் காற்று அந்த இடைவெளி வழியாகவே மேலே ஏறிப் போய்விடும்.

துளையின் ஆழம் முக்கியம். 10 செ.மீ. உயரத் துளைக்கு 10 செ.மீ. ஆழம் என்றால், 45 டிகிரிக்கு மேல் நிற்கும் சூரியனைத்தான் முழுதாக மறிக்கும். ஆழத்தை 20 செ.மீ. ஆக்கினால் 27 டிகிரிக்கு மேலே உள்ள எல்லாம் நின்றுவிடும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நேராக இறங்கும் பகுதிகளில் 27 டிகிரி என்பது மறைவதற்குச் சற்றேறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு. அந்தக் கடைசிப் பொன்வெயில் மட்டும் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். அதைப் பார்க்கவே மாலையில் வீட்டுக்கு வரத் தோன்றும்.

#6 கொத்துக்கரண்டி

வணக்கம் மேடம். நான் கட்டட வேலை எடுத்துச் செய்யறவன். மேலே எழுதினவங்க எல்லாரும் படிச்சவங்க, நான் வேலையில பார்த்ததைச் சொல்றேன்.

கூரைக்கு மேல வெப்பத்தடுப்புப் பலகை போடுறதுதான் உங்க வீட்டுக்கு முதல் வேலை. 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்-ங்கற கெட்டியான நுரைப் பலகை போதும். ஆனா பழைய தளம்னா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அடியில பூச்சைத் தட்டிப் பாருங்க. பொள்ளுன்னு சத்தம் வர்ற இடம், துருக்கறை தெரியற இடம், எல்லாத்தையும் உடைச்சுக் கம்பியைப் பார்த்துச் சரி பண்ணிட்டுத்தான் மேலே போகணும். நோயோட மூடிட்டா பிறகு யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க.

நான் போடுற வரிசை: தளம் சரி பண்ணி நீர்த்தடுப்பு, அது மேல பலகை, அது மேல பிரிப்புத் துணி, அப்புறம் வாட்டத்தோட கான்கிரீட், மேலே வெள்ளை ஓடு. ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமாவது வேணும். நீர்த்தடுப்பு பலகைக்கு அடியில இருக்கறதால அதுக்கு வெயில் படாது, ரொம்ப நாள் உழைக்கும். தெர்மாக்கோல் மாதிரி இளசான பலகை வேண்டாம், மேல நடந்தா நசுங்கும்.

இப்ப யாரும் சொல்லாத விஷயம். பலகை 50, கான்கிரீட் 50, ஓடு வேற. மொட்டைமாடித் தரை 11, 12 செ.மீ. உயர்ந்துடும். படிக்கட்டு அறைக் கதவோட நிலைப்படி எவ்வளவு உயரம்னு இப்பவே அளந்து பாருங்க. நிலைப்படி தரையை விடக் கீழே போயிட்டா அடுத்த மழையில தண்ணி படி வழியா வீட்டுக்குள்ள வரும். மழைநீர்க் குழாய் வாயையும் புதுசா உயர்த்தணும். கைப்பிடிச் சுவரும் அந்த அளவுக்குக் குட்டையாயிடும், குழந்தைங்க இருந்தா கவனம்.

எடையும் இருக்கு. 50 மி.மீ. கான்கிரீட்னா சதுர மீட்டருக்கு 115 கிலோ. பழைய தளம் தாங்குமான்னு பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். தாங்காதுன்னா கான்கிரீட் வேண்டாம், எடை குறைஞ்ச வேற வழி பார்க்கலாம்.

#7 நிழல்கோடு

தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த நிலைப்படி விஷயத்தைப் பல பொறியாளர்கள் வரைபடத்திலேயே கோட்டைவிடுகிறார்கள்.

பலகைக்கான கணக்கு: வெறும் தளத்தின் வெப்பக் கடத்தல், சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 4 வாட். 50 மி.மீ. பலகை சேர்ந்தால் சுமார் 0.5. எட்டில் ஒரு பங்கு. அடுத்த 50 மி.மீ. சேர்த்தால் 0.3 அருகே வரும். முதல் பலகை செய்யும் வேலையை இரண்டாவது செய்யாது. ஏசியை நம்பாத வீட்டில் முதலோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை நிழலுக்குச் செலவிடுங்கள்.

#8 பனிஜன்னல்

நான் வருடத்தில் ஆறு மாதம் குளிர் அடிக்கும் பகுதியில் இருக்கிறேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன். நாங்களும் பழைய வீட்டைத்தான் புதுப்பித்தோம். ஒரு பெரிய தவறும் செய்தோம்.

வெளிமுகப்பின் செங்கல் வேலைப்பாடு எங்களுக்குப் பிடிக்கும். அதை மூட மனமில்லாமல் வெப்பத்தடுப்பை உள்பக்கச் சுவரில் ஒட்டினோம். வேலையை எடுத்துச் செய்தவர் மூலைகளிலும் மின் பெட்டிகளைச் சுற்றியும் இடைவெளி விட்டுவிட்டார். நாங்களும் அதைக் கேட்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. என் மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை. காரணம் தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் இதுதான். அறையில் 20 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், 9 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீர் துளியாகும். வெப்பத்தடுப்பு போட்டபிறகு, அதன் பின்னால் உள்ள பழைய சுவர் முன்னைவிடக் குளிர்ந்துபோனது. இடைவெளி வழியாக அறைக் காற்று அங்கே போய் நீராகிச் சுவரிலேயே தங்கியது. மீண்டும் பிரித்து, சந்துகளை அடைத்து, ஈரத்தை மெதுவாக உறிஞ்சி விடும் மரநார்ப் பலகையைச் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டினோம். பிறகு பூஞ்சை வரவில்லை.

அதற்கு முன் வாசற்கதவில் விசிறி பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கிக் காற்றுக்கசிவை அளந்தார்கள். மணிக்கு 9 முறை வீட்டுக் காற்று முழுதும் மாறியது. ஜன்னல் விளிம்பு, பரண் கதவு, குழாய் நுழையும் துளை, எல்லாவற்றையும் அடைத்தபின் 1.8. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள், அதாவது மிகக் குறைந்த வெப்பமூட்டலே தேவைப்படும் வீடுகள், குடியேறத் தயாராயின. அந்தத் தரம் கேட்பது 0.6; வருடத்துக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு வெப்பமூட்ட 15 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு, அந்தத் தரத்தை வகுத்த நிறுவனம் காற்றுக்கசிவுக்கு 1.0 என்று தனி அளவு வைத்திருக்கிறது. நாங்கள் அதையும் எட்டவில்லை. இருந்தும் வெப்பமூட்டும் செலவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

கசிவை அடைத்தால் காற்றோட்டத்துக்கு வழி செய்தே ஆக வேண்டும். நாங்கள் வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித்தரும் கருவி வைத்திருக்கிறோம். அது இல்லாமல் வீட்டை இறுக்கி மூடுவது ஆபத்து.

#9 மேற்குவாசல்

பனிஜன்னல், உங்கள் மகள் நலமாக இருப்பார் என நம்புகிறேன். இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

எங்களுக்கும் இது பொருந்துமா? ஏசி ஓடும் அறையில் கூரையோரம் ஒரு ஈரக்கறை இருக்கிறது. மழைநீர் என்று நினைத்தோம், ஆனால் மழையே இல்லாத நாளிலும் வருகிறது.

#10 பனிஜன்னல்

நலமாக இருக்கிறாள், நன்றி.

உங்களுக்கும் அதே கதைதான், திசை மட்டும் தலைகீழ். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் 25 டிகிரியிலேயே நீர் கட்டும். ஏசியை 22-இல் வைத்தால் உங்கள் சுவரும் கூரையும் அதற்குக் கீழே. ஜன்னல் சந்து, கதவடி வழியாக வெளிக்காற்று நுழையும் இடமெல்லாம் ஈரம் கட்டும். குளிர் பகுதிகளில் நீராவித் தடுப்பை அறைப் பக்கம் வைப்பார்கள். புழுக்கமான பகுதியில் ஏசி போடும் வீட்டுக்கு அது வெளிப்பக்கம் வர வேண்டும். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து அப்படியே செய்தால் சுவர் அழுகும். கறையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏசியைச் சில நாள் நிறுத்திவிட்டு அந்த இடம் காய்கிறதா என்று பாருங்கள்.

#11 மேற்குவாசல்

ஒரு வாரம் அளந்தேன். ஐயா, உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மாடிப் படுக்கையறையில் காற்று மாலை மூன்றுக்கு 32, இரவு ஒன்பதுக்கு 34. வெயில் போனபிறகுதான் கூடுகிறது! ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பகுதி 39, மேற்குச் சுவர் 37, மற்ற சுவர்கள் 33. கீழ்த்தளம் எந்நேரமும் 30, 31.

எதிர்பாராதது ஒன்று. கிழக்கு அறையில் காலை பத்து மணிக்கே 33. நேர் வெயில் அங்கே எட்டரைக்கே நின்றுவிடுகிறது, சன்ஷேடு பெரியது. பிறகு ஏன் என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். பின்வீட்டுத் தகரக் கூரை கீழே இருக்கிறது. அதிலிருந்து பிரதிபலித்து, அடியிலிருந்து வெயில் மேலே வருகிறது. ஆறு மாதமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதைக் கவனிக்கவே இல்லை.

அந்த ஈரக்கறை ஏசியை நிறுத்திய மூன்றாம் நாள் காய்ந்துவிட்டது. கதவடிச் சந்தை அடைத்திருக்கிறேன்.

#12 நிழல்கோடு

அளந்து பார்த்தீர்களே, இதற்கு மேல் நான் என்ன சொல்ல. 9 அங்குலச் செங்கல் சுவர் வெளிப்பக்கம் வாங்கிய சூட்டை உள்பக்கம் கொண்டுவர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எடுக்கும். பிற்பகல் வெயிலை அது இரவில் உங்களுக்குக் கொடுக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவை கூரையும் மேற்குச் சுவரும். கண்ணாடியைப் பற்றிப் பேச அங்கே இடமே இல்லை.

கனமான சுவர் நல்லதா கெட்டதா என்று இங்கே எப்போதும் வாதம் நடக்கும். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உள்ள வறண்ட பகுதிகளில் அது வரம். இரவில் ஜன்னல்களைத் திறந்து சுவரைக் குளிரவைத்து, பகலில் மூடி அந்தக் குளிர்ச்சியைச் செலவழிக்கலாம். இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கும் ஈரமான பகுதியில் அந்த வித்தை பலிக்காது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், இர்கலா என்ற இடத்தில் கட்டடக்கலைஞர் க்ளென் மர்கட் 1994-இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். ஜன்னலில் கண்ணாடியே இல்லை. ஒட்டுப்பலகைச் சுவர்களே தூக்கித் திறக்கும் கதவுகள். தூணில் உயர்த்திய தரை, அகன்ற கூரை நிழல். அங்கே கனம் தேவையில்லை, காற்று போதும். உங்கள் இடத்தில் கனம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெயிலிலிருந்து மறைத்துவிட்டால் அதுவே உங்களுக்குத் துணை.

#13 கண்ணாடிவீடு

கிழக்கு அறைக்கு: ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெளியே சாய்ந்த பட்டைகள் வையுங்கள், கீழிருந்து வருவதை அது நிறுத்தும். சன்ஷேடு மேலிருந்து வருவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் போன மாதம் வெளிப்பக்கம் சுருள் மறைப்பு மாட்டினோம். வெளியே நிழல் என்று ஐயா சொன்னது ஏற்கெனவே காதில் விழுந்ததுதான், செய்யாமல் இருந்தேன். மாலையில் ஏசி போடும் நேரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. வெளிச்சத்துக்காக நான் வாதாடியது இன்றும் மாறவில்லை.

#14 மேற்குவாசல்

செங்கல்தூசி, ஒரு சந்தேகம். வீட்டில் பெரியவர்கள், இவ்வளவு வேலை செய்வதற்கு முழுவதும் இடித்துப் புதிதாகவே கட்டிவிடலாமே என்கிறார்கள்.

#15 செங்கல்தூசி

அக்கா, அடித்தளமும் சட்டகமும் நன்றாக இருந்தால் இடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்பேன். அந்தச் செங்கலைச் சுட்ட நெருப்பும், சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் வேகவைத்த நெருப்பும் 35 வருடம் முன்பே செலவாகிவிட்டன. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இடித்தால் அதை மறுபடி முதலிலிருந்து செலவழிக்கிறோம். புது வீடு எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் அதை ஈடுகட்டப் பல வருடங்கள் ஆகும்.

பாரிஸில் 1960களில் கட்டிய ஒரு பழைய அடுக்குமாடிக் கோபுரத்தை இடிக்கும் பேச்சு இருந்தது. ஃப்ரெடெரிக் ட்ருவோ, லகாடோன், வசால் என்ற மூன்று கட்டடக்கலைஞர்கள் அதை இடிக்காமல், வெளிமுகப்பை மட்டும் கழற்றிவிட்டு, 3 மீட்டர் ஆழத்துக்கு மூடிய தோட்டமும் பால்கனியும் சுற்றிலும் சேர்த்தார்கள். 2011-இல் வேலை முடிந்தது. மக்கள் உள்ளே குடியிருக்கும்போதே நடந்தது. புதிதாகச் சேர்ந்த அந்த இடமே குளிரைத் தாங்கும் போர்வை, அதுவே கட்டடத்தின் புது முகமும். லகாடோனுக்கும் வசாலுக்கும் 2021-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் தனக்கு வைத்துக்கொண்ட வீடும் புதிதாக எழுப்பியது கிடையாது. வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை, 1950களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, சுவர்களைத் திறந்து, குட்டி முற்றங்களை உள்ளே செதுக்கினார். அங்கே எந்த மூலையில் நின்றாலும் எங்கிருந்தோ வெளிச்சம் மேலிருந்து இறங்கும். தனித்தன்மை என்று நீங்கள் தேடுவது, பழைய வீட்டின் வம்படியான மூலைகளில்தான் கிடைக்கும். காலி மனையில் கிடைக்காது.

உங்கள் வீட்டில் எனக்குத் தோன்றுவது: படிக்கட்டு நடுவில் இருக்கிறது என்றால், அதன் தலைப்பகுதியை உயர்த்தி நாலாபக்கமும் திறக்கும் ஜன்னல் வையுங்கள். சூடான காற்று மேலே போய் வெளியேற, கீழ்த்தளக் குளிர்ந்த காற்று மாடிக்கு இழுபடும். மேற்குப் படுக்கையறையையும் கிழக்கே உள்ள சாமான் அறையையும் இடம் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். வெயிலை வாங்கிக்கொள்ள சாமான்கள் தயங்காது!

#16 கொத்துக்கரண்டி

மேடம், ஃபேனையும் மாத்துங்க. பழசு 75 வாட் இழுக்கும், புது வகை 30 வாட்டுக்குள்ள. காத்து உடம்புல பட்டாலே ரெண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும். சோலார் பேனல் போடுறதா இருந்தா தரையோட ஒட்டிப் போடாம ஆள் உயரத்துக்குச் சட்டம் அடிச்சுப் போடுங்க. மாடிக்கு நிழலும் ஆச்சு, அடியில துணி காயப் போடவும் ஆச்சு. காத்துக்குத் தாங்கற மாதிரி காலை நல்லாப் பிடிக்கணும், தளத்துல துளை போட்ட இடமெல்லாம் நீர்த்தடுப்பு திரும்பப் பண்ணணும்.

#17 மேற்குவாசல்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், வீடெல்லாம் சிமென்ட் தூசி.

கண்ணாடி முகப்பு வேண்டாம் என்று முடிவு செய்து, வரைபடம் போட்டவரிடம் அளவுக் குறிப்பைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு, துளைக்கல் திரைச்சுவரை அவரே வரைந்து தந்தார். கல் சுட்ட மண்ணில் செய்தது, 20 செ.மீ. ஆழம். கைக்கு எட்டும் உயரத்தில் நான்கு இடங்களில் திறக்கும் பலகை வைத்திருக்கிறோம்.

பொறியாளர் தளத்தைச் சோதித்து, இரண்டு இடத்தில் கம்பி துருப்பிடித்ததைக் கண்டுபிடித்தார். சரிசெய்து பலகை போட்டோம். நிலைப்படி சரியாக 4 செ.மீ. கீழே போய்விடும் என்று முன்பே தெரிந்ததால், கதவை முதலிலேயே உயர்த்திவிட்டோம். கொத்துக்கரண்டி தம்பி, அந்த மழைக்கு உங்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

இப்போது அதே வெயில் மாதம். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையறையில் காற்று 30.5, கூரை 31, மேற்குச் சுவர் 31. ஏசி நான்கு போடுவதாக இருந்தது, ஒன்றுதான் வாங்கினோம். அதுவும் மழைக்காலப் புழுக்கத்துக்கு. பேனலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். எத்தனை வேண்டும் என்பதே மாறிவிட்டது. ஐந்தரை மணிக்குக் கூடத்துத் தரையில் கட்டங்கள் விழத் தொடங்குகின்றன. மாமியார் நாற்காலியை அங்கே நகர்த்திக்கொண்டார்.

படிக்கட்டுத் தலைப்பை மட்டும் இன்னும் உயர்த்தவில்லை. அதில் ஒரு கேள்வி: அங்கே திறக்கும் ஜன்னல் வைத்தால், சாரல் அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் யாராவது ஏறிப் போய் மூட வேண்டுமா?

#18 கொத்துக்கரண்டி

வேண்டாம் மேடம். கண்ணாடிக்குப் பதிலா கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையான பட்டை வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு 3 செ.மீ. ஏறி நிக்கற மாதிரி. கூரை ஓரத்தை நாலு பக்கமும் 60 செ.மீ. வெளியே விடுங்க. உள்பக்கம் கொசுவலை. காத்து பலமா அடிக்கற பக்கம் எதுன்னு தெரியுமா? அந்தப் பக்கத்தை மட்டும் மூடிட்டு மத்த மூணு பக்கத்தைத் திறங்க. கட்டுறதுக்கு முன்னாடி அளவு போட்டு இங்கேயே போடுங்க, பார்க்கறேன்.